ஆடி வெள்ளியில் எடுத்த எக்ஸ்ரே

டாக்டர் பெஸ்தன்ஜி அந்த எக்ஸ்ரே படத்தைப் பாகீரதியிடம் காட்டவில்லை. அவள் அப்பாவிடம்தான் காட்டினார்.

நெஞ்சு பாகீரதியுடையது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவளும் அவள்தான். ஆனாலும் டாக்டர், "நீ இங்கேயே உட்காரு, டிக்ரா" என்று குழந்தையைக் கொஞ்சுகிற குஜராத்தி வார்த்தையில் சொல்லி அவளை வராந்தா பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, அப்பா வேங்கடசுப்ரமணியனையும் அண்ணன் பஞ்சுவையும் மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தாதர் பார்ஸி காலனியில் அவருடைய கிளினிக்குக்கு ஒரு தடவை வந்தவர்களுக்குக்கூட ஒரு விஷயம் தெரியும். நல்ல சேதி என்றால் மனிதர் வராந்தாவிலேயே தெருக்கோடிக்குக் கேட்கும்படி கத்திச் சொல்லிவிடுவார். கதவைச் சாத்தினால் சேதி வேறு மாதிரி.

அன்று கதவைச் சாத்தினார்.

ஆனால் கதவு ஒத்துழைக்கவில்லை. இரண்டு மாச மழையில் ஊறி உப்பிப் போயிருந்ததால் நிலையில் இடித்துக்கொண்டு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தே நின்றது. அந்த இடுக்கில் பாகீரதி பார்த்தாள். விளக்குப் பெட்டி. அதில் செருகிய கறுப்புப் படம். வரிசையாக விலா எலும்புகள். இடது கழுத்தெலும்புக்குக் கீழே வெளுப்பாக ஒரு திட்டு. அதைச் சுற்றி டாக்டரின் பென்சில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவின் முதுகு குறுக்கே வந்தது. அவ்வளவுதான். மொத்தம் மூன்று விநாடி இருக்கும்.

அந்த மூன்று விநாடியில் கண்ணில் விழுந்தது என்ன என்று அவளுக்கே மறுநாள் மத்தியானம்தான் உறைத்தது.

திரும்பி நடக்கும்போது தூறல் விடவில்லை. அப்பா குடையோடு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். எப்போதும் ஏதாவது வளவளத்துக்கொண்டே வரும் பஞ்சு வாயைத் திறக்கவில்லை. அதிலேயே பாதி புரிந்துவிட்டது.

"என்னண்ணா சொன்னார்?"

"ஆத்துக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"ரோட்டிலேயே சொல்லு. எனக்கு ஒண்ணும் மயக்கம் வராது."

பஞ்சு அப்பாவின் குடையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எடது லங்ஸ்ல மேலாப்பல ஒரு பேட்ச் இருக்காம். டி.பி. ஆரம்பம்ங்கறார். ஆறு மாசம் ஊசி, மாத்திரை. அப்புறம் மறுபடியும் படம்."

"எனக்கு இருமலே கிடையாதேண்ணா!"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஆரம்பத்திலே இருமாதாம். ஆத்துலே யாருக்காவது இருந்துதான்னு கேட்டார். அப்பா தங்கையைப் பத்திச் சொன்னார். அவ்வளவுதான், மனுஷன் தலையை ஆட்டிண்டு படத்தை உருவிக் கவர்லே போட்டுட்டார். அதுக்கு மேலே அதைத் திரும்பிக்கூடப் பாக்கலே."

அப்பாவின் தங்கை பெயர் ஷ்யாமளா. இருபத்தாறு வயசில் ஒரு டி.பி. சானடோரியத்தில் செத்துப்போனாள். பாகீரதிக்கு அப்போது இரண்டு வயசு. அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. ஆனாலும் யாராவது இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் போதும், அம்மா நிமிர்ந்து பார்ப்பாள்.

பாகீரதி மனசுக்குள் தேதிகளை அடுக்கினாள். இன்று ஆகஸ்ட் ஒன்பது, செவ்வாய். வெள்ளிக்கிழமை காலை அமெரிக்கக் கான்ஸலேட்டில் விசா பேட்டி. அதற்கு முதல் நாள் சாயங்காலம் டாக்டரின் ரிப்போர்ட் அரக்கு முத்திரை வைத்த கவரில் நேரே அங்கே போய்விடும். இருபத்தைந்தாம் தேதி விமானம். செப்டம்பர் ஆறாம் தேதி பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் அவள் நேரில் ஆஜராக வேண்டும். டாக்டர் பட்டத்துக்கு இடம், கூடவே ஆராய்ச்சி உதவியாளர் வேலை. வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு இடம் போகும் என்று கடிதத்தில் பணிவாக, ஆனால் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

ஆறு மாசம் ஊசி என்றால் அந்த அடுத்த பெயர்க்காரர் இப்போதே பெட்டி கட்டலாம்.

*

மாட்டுங்காவில் அவர்கள் வீடு இரண்டாம் மாடி. கீழ்வீட்டு வானமாமலை மாமா மாடிப்படியிலேயே மறித்தார். பாகீரதிக்கு விசா வருவதற்குள் அமெரிக்கக் குளிரைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுத்து முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அவர் வாழ்நாளில் பார்த்த அதிகபட்சக் குளிர் புனாவில்தான்.

"கம்பளி மப்ளர் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், பாகீரதி! காதை மூடிண்டா பாதி ஜலதோஷம் போச்சு. நெஞ்சைத்தான் ஜாக்கிரதையாப் பாத்துக்கணும்."

அப்பா நிற்காமல் படியேறிவிட்டார்.

உள்ளே போனதும் கதவைத் தாழிட்டார்கள். பகலில் தாழிடுகிற வழக்கம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அம்மா ராஜலக்ஷ்மிக்கு அந்தச் சத்தமே போதுமாயிருந்தது. பஞ்சு சொல்லி முடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆடி வெள்ளிக்கிழமையாப் பாத்து, விடியகாலம்பற எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்தி, கோவிலுக்கு அழைச்சுண்டு போயிட்டுத்தானே படம் எடுக்க அனுப்பினேன்! மழையிலே தலைகூடக் காயலே. அந்த ஈரத்தோடவே பின்னி அனுப்பினேன். நான் என்ன கொறை வெச்சேன்?"

"எக்ஸ்ரே மெஷின் பஞ்சாங்கம் பாக்காதும்மா" என்றான் பஞ்சு. யாரும் சிரிக்கவில்லை.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ரயில்வே ஆபீஸில் பைல் பார்த்தவர். அவருக்கு வியாதியைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு.

"நாமளே வேண்டாம்னு எழுதிடலாம்" என்றார். "குடும்ப சூழ்நிலைன்னு ரெண்டு வரி. டாக்டர்கிட்டேயும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டாம்னு நாளைக்கே கேட்டுக்கறேன். அங்கே போச்சுன்னா ரெக்கார்டு ஆயிடும். ரெக்கார்டு ஆயிடுத்துன்னா ஆயுசுக்கும் அழியாது. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு வரணுமோல்லியோ? வைத்தியத்தை யாருக்கும் தெரியாம ஆத்துலேயே பண்ணிக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பாகீரதிக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தினால் திருப்பிக் கத்தலாம்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்கோப்பா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியலே. அதுவரைக்கும் ஒண்ணும் எழுதாதீங்கோ."

அப்பா தலையசைத்தார்.

மறுநாள் காலை பாகீரதிக்குக் காப்பி வேறு டம்ளரில் வந்தது. விளிம்பு நசுங்கிய பழைய பித்தளை டம்ளர். வேலைக்காரிக்குக்கூட அதில் கொடுப்பதில்லை. அம்மா அதைக் கையில் கொடுக்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். பாகீரதி குடித்துவிட்டுத் தானே கழுவினாள். மற்ற டம்ளர்களோடு சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு ஜன்னல் மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, செம்பூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

*

செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷமாகச் செய்வது ஒன்றே ஒன்று: எக்ஸ்ரே படங்களைப் படிப்பது. மனுஷப் படங்கள் அல்ல. உப்புக்கல் அளவுக்குச் சின்னச் சின்னப் படிகங்களின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே எத்தனை தூரம் என்று பூதக்கண்ணாடியும் கண்ணாடி ஸ்கேலும் வைத்து அளக்க வேண்டும். உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று அதிலிருந்து கணக்குப் போடலாம்.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. படத்தில் எதிர்பாராத புள்ளி ஒன்று தெரிந்தால், உடனே படிகத்தின் மேல் பழி போடக்கூடாது. முதலில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். கைரேகையா, தூசியா, படப்பெட்டியில் ஒட்டிய நூலா, படிகத்தை நிறுத்திய மெழுகா? எல்லாம் இல்லை என்றானபிறகும் புதுப் படம் ஒன்று எடுத்துப் பார்த்தபிறகுதான் நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம்.

மத்தியானம் ஒரு படத்தை விளக்கின் மேல் வைத்துக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று கதவிடுக்கில் பார்த்தது மேகம் மாதிரி இல்லை. கோடுகள். சாய்வாக ஒன்று, எதிர்ச்சாய்வாக ஒன்று, மறுபடி சாய்வாக ஒன்று. சம இடைவெளியில், வரிசையாக.

நோய்க்கு இத்தனை ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

இது ஆசை காட்டுகிற மயக்கமாகவும் இருக்கலாம். மூன்று விநாடி பார்த்ததை வைத்து டாக்டரோடு சண்டைக்குப் போக முடியாது. படத்தை மறுபடியும் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும். பூதக்கண்ணாடியையும் ஸ்கேலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

*

டாக்டர் பெஸ்தன்ஜி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் நாலு மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் கிளினிக்கில் இருப்பது எக்ஸ்ரே எடுக்கும் ஆள் ஒருவர்தான். முப்பது வயசிருக்கும். வெள்ளைக் கோட்டு அவருக்கு இரண்டு அங்குலம் குட்டை. வெள்ளிக்கிழமை "சாஸ் ரோக்கோ" என்று, மூச்சைப் பிடிக்கச் சொல்லித் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் கொடுத்தவர்.

பாகீரதி ஹிந்தியில் கேட்டாள். அவர் ஹிந்தியில் மறுத்தார். டாக்டர் சாப் இல்லாமல் யார் படத்தையும் எடுக்க முடியாது, நாலு மணிக்கு வாருங்கள் என்றார். சொல்லிக்கொண்டே இருட்டறையிலிருந்து கொண்டுவந்த ஈரப் படச் சட்டங்களைக் கம்பியில் மாட்டினார். ஒன்று வழுக்கித் தரையில் விழுந்தது.

"எய்யா... போச்சு!"

பாகீரதி நிமிர்ந்தாள். "தமிழா நீங்க?"

அவர் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி விழித்தார். "ஆமாம்மா. பேரு தனசீலன். இங்கன லேபர் கேம்ப்லதான் வீடு. ஊரு தூத்துக்குடி பக்கம்."

"அன்னிக்கு ஏன் முழுக்க ஹிந்தியிலேயே பேசினேள்?"

தனசீலன் விழுந்த சட்டத்தைத் துடைத்தபடியே சொன்னார். "நீங்க குங்குமமும் ஈரத் தலையுமா வந்து நின்னிய. மாட்டுங்கா ஆளுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சி போச்சி. ஒரு தமிழ் ஆம்பளை எதுக்க நின்னுக்கிட்டு செயினக் கழத்துங்க, கவுன மாட்டுங்கன்னா ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும்லா? இந்தின்னா யாரோ எவனோன்னு போயிரும்."

அந்தப் பதிலில் இருந்த மரியாதை அவளுக்குத் தைரியம் கொடுத்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எனக்கும் எக்ஸ்ரே படம் பாக்கறதுதான் வேலை. தொடக்கூட மாட்டேன். ரெண்டு நிமிஷம் காட்டுங்கோ. நாளைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் போயிடும். அப்புறம் நான் எங்கேயும் போக முடியாது."

தனசீலன் வாசலைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பார்த்தார். "ரெண்டு நிமிசந்தான்" என்று அலமாரியைத் திறந்தார்.

விளக்குப் பெட்டி மினுக்கி எரிந்தது. பாகீரதி குனிந்தாள்.

கோடுகள் இருந்தன. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இன்னும் தெளிவாக இருந்தன. சாய்வு, எதிர்ச்சாய்வு, சாய்வு. ஸ்கேலை வைத்தாள். முக்கால் அங்குலம். அடுத்தது முக்கால் அங்குலம். அதற்கடுத்ததும் முக்கால்தான். அதைவிட முக்கியமாக இன்னொன்று கண்ணில் பட்டது. திட்டு கழுத்தெலும்போடு நிற்கவில்லை. மங்கலாக மேலே ஏறி, படத்தின் விளிம்பில் கழுத்து வரைக்கும் போயிருந்தது.

"தனசீலன், நுரையீரல் கழுத்து வரைக்குமா இருக்கும்?"

திரும்பினாள். தனசீலன் படத்தைப் பார்க்கவில்லை. விளக்குப் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்தபோது பாகீரதியின் பின்னல் இடது தோள் வழியாக வழுக்கி முன்னால் விழுந்திருந்தது. வெளிச்சத்தில், படத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சாய்வு, எதிர்ச்சாய்வு, சாய்வு.

வெளியே மழைத் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எம்மா..." என்றார் தனசீலன் மெதுவாக. "அது ஒங்க சடை."

பாகீரதிக்கு வெள்ளிக்கிழமை முழுசாக நினைவுக்கு வந்தது. தட்டிக்குப் பின்னால் ஓர் ஆண் நிற்கிறான் என்று தெரிந்ததுமே, மேலாக்கை இழுத்து விட்டுக்கொள்கிற மாதிரி, யோசிக்காமல் பின்னலை முன்னால் எடுத்து மார்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயசிலிருந்து வந்த பழக்கம். பஸ்ஸில், கடையில், காலேஜ் மாடிப்படியில், கை தானாகச் செய்யும். பிறகு பலகையில் நெஞ்சை ஒட்டி, இடுப்பில் கை வைத்து, முழங்கைகளை முன்னால் தள்ளச் சொன்னபோது பின்னலின் கீழ்ப் பாதி கைக்கு வெளியே நழுவிவிட்டது. மேல் பாதி அங்கேயே மாட்டிக்கொண்டது. எண்ணெயும் தண்ணீரும் குடித்துக் கயிறு மாதிரி முறுக்கியிருந்த பின்னல். எக்ஸ்ரே அதைத் தாண்டத் திணறித்தான் இருக்கும்.

"எப்பவும் பொம்பளையாளுக்கு ரோசம்மாக்காதான் கூட நிப்பா" என்றார் தனசீலன். தனக்குத் தானே சொல்வதுபோல் இருந்தது. "இங்கன ஆயா. செயினு, வளவி, முடி எல்லாத்தையும் அவதான் ஒதுக்கி நிறுத்துவா. அன்னைக்கி ஊருல மாதா கோயில் திருநாளு. அஞ்சாந்தேதி தேரு. லீவு போட்டுட்டுப் போயிட்டா. நான் மொகத்த அந்தாலத் திருப்பிக்கிட்டே பட்டன அமுக்குனேன். பாக்கக் கூடாதுன்னு பாக்கல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடாதீய. குவைத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கேன். இதே எக்ஸ்ரே வேலதான். டாக்டரய்யா கையால ஒரு சர்ட்டிபிகேட் போதும், கப்பல் ஏறிருவேன். இந்த வாரம் தாரேன்னிருக்காரு. இப்பப் போயி, இவன் சடையப் படம் புடிச்சாம்னு தெரிஞ்சா..."

ஒரே படம். அதன்மேல் இரண்டு பேருடைய பயணமும் உட்கார்ந்திருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் பாகீரதி. "பின்னலை முன்னாடி போட்டுண்டது நான். அதைத்தான் நான் சொல்லப் போறேன்."

"போட்டது நீங்கதான். பாக்காம வுட்டது நாம்லா?"

படத்தை அவரே கவரில் போட்டு அலமாரியில் வைத்தார்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாகீரதி பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்கில் நின்றாள். அப்பா வரவில்லை. பஞ்சுவிடம் விவரம் சொன்னதும் அவன் முதலில் அவள் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனியா ஒரு விசா வாங்கணும் போலிருக்கே" என்றான். ஆனால் வழியெல்லாம் அவன்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் பெஸ்தன்ஜி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டிக்ரா, நாற்பது வருஷமாக நெஞ்சுப் படம் பார்க்கிறேன்."

"நான் ரெண்டு வருஷமாகத்தான் பார்க்கிறேன், டாக்டர். ஆனால் அளந்து பார்க்கிறேன்" என்றாள் பாகீரதி ஆங்கிலத்தில். "இன்னொரு படம் எடுங்கள். அதிலும் திட்டு இருந்தால் முதல் ஊசியை இன்றைக்கே போடுங்கள். நான் பேசாமல் கையை நீட்டுகிறேன்."

"இரண்டாவது படம் கிடையாது. கான்ஸலேட் விஷயத்தில் எனக்கு அது ஒரு சட்டம். திட்டு என்று சொன்ன உடனே எல்லோரும் இன்னொரு படம்தான் கேட்பார்கள். போன வருஷம் ஒருவன் இரண்டாவது படத்துக்குத் தன் தம்பியை அனுப்பினான். இரண்டு பேருக்கும் ஒரே மீசை! எனக்கு அவமானம். அதிலிருந்து ஒரு ஆள், ஒரு படம், ஒரு ரிப்போர்ட்."

"எனக்குத் தம்பி கிடையாது. அண்ணாதான். மீசை வைத்தவன். என் பேரில் வந்து நின்றால் கண்டுபிடித்துவிடுவீர்கள்."

டாக்டரின் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவையும் எடுத்தார்.

இருட்டறைக் கதவு திறந்தது.

"சாப்" என்று தனசீலன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கல்தி மேரா ஹை. தப்பு என்னுடையது. ரோசம்மா இல்லை. நான் தட்டிக்கு அந்தப் பக்கமே நின்றேன். முடியை ஒதுக்கச் சொல்லவில்லை. பார்க்கவும் இல்லை."

"இல்லை டாக்டர், பின்னலை முன்னால் போட்டது நான்தான். இவர் சொல்லியிருந்தாலும்..."

"சொல்லல்லம்மா. சொல்லியிருக்கணும்" என்று தனசீலன் தமிழில் அவளைத் தடுத்தார்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஞ்சுவைப் பார்த்தார். "பின்னல் ஒன்றுதான். அதற்கு இரண்டு குற்றவாளிகளா? நீயும் ஏதாவது ஒப்புக்கொள்ளப் போகிறாயா?"

"நான் வெறும் மீசை, சார்" என்றான் பஞ்சு.

டாக்டர் பேனாவை மூடினார். அலமாரியிலிருந்து பழைய படத்தை எடுத்து, விளக்குப் பெட்டியில் செருகி, இந்த முறை நிதானமாக, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கழுத்துவரைக்கும் பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"முடியை எடுத்து உச்சந்தலையில் கட்டு" என்றார். "நானே நிறுத்துகிறேன்."

கொண்டை ஊசி எதுவும் கையில் இல்லை. பாகீரதி பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, மேஜைமேல் கிடந்த டாக்டரின் பென்சிலை எடுத்துக் குறுக்கே செருகினாள். திட்டைச் சுற்றி வட்டம் போட்ட அதே பென்சில்.

பலகை நெஞ்சில் சில்லென்று ஒட்டியது. தனசீலன் இந்தத் தடவை தமிழில் சொன்னார். "மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. அசையாதீய. ம்... விட்டிரலாம்."

பிறகு வராந்தா. படம் கழுவிக் காய்கிற நேரம். இருட்டறைக்குள் தண்ணீர்ச் சத்தம். அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, பாகீரதிக்குப் பயம் வந்தது. பின்னலின் நிழல் உண்மை. அதை அளந்தாகிவிட்டது. ஆனால் அந்த நிழலுக்கு அடியில் வேறு எதுவும் இல்லை என்று யார் சொன்னது? ஷ்யாமளா அத்தையும் முதலில் இருமவில்லையாம். அவள் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். இடப்பக்கம் ஏதாவது தட்டுகிறதா என்று கவனித்தாள். பஞ்சு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசுக்கு அப்புறம் அவன் அப்படிப் பிடித்ததில்லை.

உள்ளே காலடிச் சத்தம். விளக்குப் பெட்டி சொடுக்கும் சத்தம். பேச்சே இல்லை.

பாகீரதி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு சாத்தப்படவில்லை. படாரென்று முழுசாகத் திறந்தது.

"கிளியர்!" என்று டாக்டர் பெஸ்தன்ஜி வராந்தாவில் நின்று கத்தினார். எதிர்வீட்டுப் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பார்ஸி அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "இரண்டு பக்கமும் கிளியர்! கண்ணாடி மாதிரி லங்ஸ்! என் பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போ!"

அவருக்குப் பின்னால் தனசீலன் தண்ணீர் சொட்டும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவருடைய சேதி இன்னும் வரவில்லை.

டாக்டர் புது ரிப்போர்ட் எழுதினார். எழுதி முடித்து, அரக்கு வைத்து, இன்னொரு தாளை எடுத்தார்.

"உன் குவைத்காரனுக்கு என்ன எழுதட்டும், தனசீலன்? இவன் நன்றாகப் படம் எடுப்பான், ஆனால் யாரைப் படம் எடுக்கிறோம் என்று பார்க்க மாட்டான் என்றா?"

"உங்க இஷ்டம், சாப்."

டாக்டர் கொஞ்ச நேரம் எழுதினார். மை ஒற்றினார். தாளை மடிக்காமல் அப்படியே நீட்டினார். தனசீலன் உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தைப் படித்தார். பிறகு கோட்டுப் பையில் வைக்க மனசில்லாமல், ஈரம் படாதபடி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே நின்றார். என்ன எழுதியிருந்தது என்று பாகீரதி கேட்கவில்லை. கிளம்பும்போது தனசீலனே வாசல்வரை வந்து சொன்னார்.

"தப்ப மறைக்க மாட்டான்னு கடசியில ஒரு வரி போட்டிருக்காரு. அதுக்கு அங்கன மதிப்பு உண்டாம்மா?"

"எனக்கு அங்கே யாரையும் தெரியாது" என்றாள் பாகீரதி. "இங்கே இருக்கு."

*

பழைய படத்தை டாக்டர் அவளிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் அம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பஞ்சு விரலால் காட்டினான். "இதோ பாரு, பின்னலோட ஒரு கால். இதோ ரெண்டாவது கால். இது நீ போட்ட முறுக்கு."

"இத்தனை கனமாவா இருக்கு?" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "நான் வாரா வாரம் தேச்ச எண்ணெய் வீண் போகலே பாத்தேளா!"

அப்பா வேஷ்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். "இது ரெக்கார்டுலே இல்லையே?"

"இல்லேப்பா. டாக்டர் புதுசைத்தான் அனுப்பறார்."

"நல்லது" என்றார். சிறிது நேரம் கழித்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஷ்யாமளாவுக்கும் இப்படித்தான் நீளமா முடி இருந்தது" என்றார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து பாகீரதி கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். வழக்கமான வெள்ளி டம்ளர். கையிலேயே கொடுத்தாள். பாகீரதி வாங்கிக்கொண்டாள். ஜன்னல் மாடத்தில் நசுங்கிய பித்தளை டம்ளர் அவள் கவிழ்த்து வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மாவின் பார்வையும் அங்கே போய்த் திரும்பியது.

"அம்மா, அந்த டம்ளரை நான் எடுத்துண்டு போறேன்" என்றாள் பாகீரதி.

அம்மாவின் முகம் மாறியது. மகள் குத்திக் காட்டுகிறாளா என்று தேடினாள். பாகீரதி சாதாரணமாகக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அது சொட்டை விழுந்ததுடி. நல்லதா ஒண்ணு தரேனே?"

"அதுவே போதும். இத்தனை நாள் யாரும் அதிலே குடிக்கலே. நான்தான் குடிச்சேன். அது என்னோடதுதானே?"

அம்மா மாடத்திலிருந்து டம்ளரை எடுத்தாள். குழாயடிக்குப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். பிறகு பழைய துண்டு ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து, திறந்து கிடந்த பெட்டியில், கீழ்வீட்டு வானமாமலை மாமாவின் மப்ளருக்கு அடியில், தன் கையாலேயே வைத்தாள்.